நெடுங்கரைக்கு உருண்டை, வேலங்குளத்துக்குத் தராசு

பிள்ளை சாப்பிடட்டும் சார், பறிக்காதீங்க. கடலை மிட்டாய்தானே. என் சட்டையில ஒட்டுனா தொடைச்சுக்கிறேன். பாப்பாவுக்கு நாலு வயசா? பதினாலு கிலோ இருப்பா. கூடிப்போனா பதினாலரை. தூக்கிப் பார்க்க வேண்டாம் சார், எனக்குப் பார்த்தாலே தெரியும். ரெண்டு வருசமா அதே வேலை. தெருவுல ஒரு பிள்ளை ஓடுனா எங்க வீட்ல "எவ்வளவு அழகா இருக்கு"ம்பாங்க. நான் "ஒம்பது கிலோ எழுநூறு"ம்பேன்.

கடலையைப் பார்த்தா எனக்கு இப்பவும் கொஞ்சம் வயித்தெரிச்சல்தான். கடலை மேல கோவம் இல்ல சார், கடலை என்ன பண்ணும். எல்லாம் அந்தப் பொம்பளைங்க மேலதான். மானாமதுரை வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு, சொல்றேன்.

எம்பேரு சந்தனக்குமார். எம்.எஸ்சி. புள்ளியியல். ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல களக் கண்காணிப்பாளர். நிறுவனத்தோட பேரு வேண்டாம், நாளைக்கு ஒரு பேச்சு வரும். அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்க ஏன் மெலிஞ்சு கிடக்குன்னு ஆராய்ச்சி. சாப்பாடு இல்லாம மெலிஞ்சு கிடக்குன்னு நீங்க சொல்லிருவீங்க. அப்படியெல்லாம் சட்டுனு சொல்லிரக் கூடாது சார். நிரூபிக்கணும். நிரூபிச்சாத்தான் அரசாங்கம் கேக்கும்.

எங்க தலைமை ஆய்வாளர் டாக்டர் பத்மலோசனி. தங்கமான அம்மா. அவங்கதான் உருண்டையைக் கண்டுபிடிச்சாங்க. வேர்க்கடலை, பொரிகடலை, எள்ளு, வெல்லம், பால் பவுடர். பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு. ஒரு ஊருக்கு உருண்டை குடுக்கணும். இன்னொரு ஊருக்குக் குடுக்கக் கூடாது, நிறுத்து மட்டும் பார்க்கணும். ஒரு வருசம் கழிச்சு ரெண்டு ஊருக்கும் வித்தியாசம் தெரிஞ்சா, மாவட்டம் முழுக்க எல்லாப் பிள்ளைக்கும் உருண்டை. இதுதான் திட்டம். இப்படி மூணு ஜோடி ஊரு. மூணுலயும் நடந்தது ஒரே கதைதான், ஒரு ஜோடியைச் சொன்னாப் போதும்.

ஊரைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பை என்கிட்ட விட்டாங்க. ஒரே ஒரு நிபந்தனை. ரெண்டு ஊருக்கும் நடுவுல பத்து கிலோமீட்டராவது இருக்கணும். நான் வண்டியை எடுத்துக்கிட்டு அலையா அலைஞ்சு கண்டுபிடிச்சேன். கண்மாய்க்கு வடக்க நெடுங்கரை, தெக்க வேலங்குளம். தார் ரோடு வழியாப் போனா பதினோரு கிலோமீட்டர். வண்டி மீட்டரைப் பார்த்துத்தான் எழுதுனேன், குத்துமதிப்பா எழுதுற ஆளு நான் கிடையாது. கண்மாய்க் கரை மேல நடந்தா கால் மணி நேரம். அது வேற விஷயம். படிவத்துல தூரம் எவ்வளவுன்னுதான் கேட்டிருந்தாங்க. எந்த வழியான்னு கேக்கல.

ரெண்டு ஊருக்கும் பொண்ணு குடுக்கல் வாங்கல் உண்டான்னும் கேக்கல. கேட்டிருந்தா எழுதியிருப்பேன். வீட்டுக்கு வீடு சம்பந்தம் சார். இந்தக் கரையில அக்கா, அந்தக் கரையில தங்கச்சி.

நெடுங்கரைக்கு உருண்டை, வேலங்குளத்துக்குத் தராசுன்னு முடிவாச்சு. வேலங்குளம் ஒப்பீட்டு ஊரு. ஆராய்ச்சியில ரொம்ப மரியாதையான இடம் சார் அது. ஒப்பீட்டு ஊரு இல்லைன்னா ஆராய்ச்சியே கிடையாது. இதை அந்தச் சனங்களுக்குச் சொன்னா விளங்குனாத்தானே. அதுக்கும் சும்மா விடல, நன்றி தெரிவிச்சு வீட்டுக்கு ஒரு சோப்பு டப்பா குடுத்தோம். சோப்பு கிடையாது, டப்பா.

முத நாள் வேலங்குளம் அங்கன்வாடியில தராசைப் போட்டு உக்காந்திருக்கேன். பூமயில்னு ஒரு பொண்ணு வந்தா. கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுற இடத்துல வேலை. அங்க இருந்து நேரா வந்திருக்கா, இடுப்புல பிள்ளை, ரெண்டு பேரும் ஒரே கரி. பிள்ளை பேரு சஷ்மிதா. ரெண்டரை வயசு. தராசுல நிறுத்துனா கண்ணாடி மேல ரெண்டு கரிப் பாதம் அப்படியே பதிஞ்சுருச்சு. புதுத் தராசு சார்.

"எம்பிள்ள எவ்வளவுண்ணே?"ன்னா. சார்னு கூப்பிடச் சொல்லி ரெண்டு தடவை சொன்னேன். அண்ணே அண்ணேன்னே கூப்பிட்டா.

"எட்டு கிலோ எழுநூறு"ன்னேன். கையில நாடாவைச் சுத்திப் பார்த்தேன். மூணு கலர் போட்ட நாடா சார் அது, பச்சைன்னா நல்லது, மஞ்சள்னா பரவாயில்ல, சிவப்புன்னா ஆகாது. "சிவப்பு. ரொம்ப மெலிவு"ன்னேன்.

"அது எனக்கே தெரியும்ணே. அதுக்கு என்ன தருவீங்க?"

"சீட்டு தருவேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"போய்ட்டு வந்துட்டேன்ணே. நல்ல சாப்பாடாக் குடுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அக்கரையில என் தங்கச்சி ஊருல உருண்டை குடுக்கப் போறீங்களாமே?"

"அது அந்த ஊரு. இது ஒப்பீட்டு ஊரு."

"அப்படின்னா?"

பொறுமையா விளக்குனேன் சார். "உங்க பிள்ளைங்க எடை கூடாம இருந்தாத்தான்மா, அந்தப் பிள்ளைங்க கூடுனது எங்களுக்குத் தெரியும்"னேன். அவ கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருந்தா. சரி, விளங்கிருச்சுன்னு நினைச்சேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மூணு மாசம் கழிச்சு மறுபடி போனோம். நெடுங்கரையில எடை கூடியிருந்துச்சு. கூடத்தானே செய்யும், உருண்டை திங்குதுங்க. வேலங்குளத்துக்குப் போனா அங்கயும் கூடியிருக்கு. தராசு கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். நான் ஏறி நின்னேன், என் எடை சரியாக் காட்டுச்சு. அஞ்சு கிலோ அரிசிப் பையை வாங்கியாரச் சொல்லி வச்சுப் பார்த்தேன். அஞ்சு கிலோ. அந்த அரிசியை என்ன செய்றதுன்னு தெரியாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன், ஆய்வுக் கருவி இல்லையா அது.

ஆறாவது மாசம் இன்னும் மோசம். சஷ்மிதா நாடாவுல மஞ்சளுக்கு வந்துட்டா. கன்னம் வேற வந்துருச்சு. பூமயில் பிள்ளையைத் தராசுல விட்டுட்டு எங்கிட்டோ பார்க்கிறா. மேடம் போன்ல கேட்டாங்க, "ஒப்பீட்டு ஊர்ல ஏன் சந்தனக்குமார் கூடுது?"ன்னு. "இந்த வருசம் நல்ல மழை மேடம், விளைச்சல் அமோகம்"னேன். கண்மாயில அப்ப ஆடு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அவங்க மெட்ராஸ்ல இருக்காங்க, அவங்களுக்குத் தெரியவா போகுது.

ஆனா விடல சார் நான். உண்மையைக் கண்டுபிடிக்காம விடுற ஆளு கிடையாது. ஒருநாள் காலையில ஆறரைக்கெல்லாம் கண்மாய்க் கரையில போய் மடைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டேன். வெயில் ஏறுற நேரம், வடக்க இருந்து ஒரு பொண்ணு தூக்குச்சட்டியோட வருது. பூமயிலோட தங்கச்சி, அழகுமீனா. நெடுங்கரையில வாக்கப்பட்டவ.

"என்னம்மா சட்டியில?"

"குழம்புண்ணே."

"தொற பார்ப்போம்."

"ஆறிரும்ணே."

நானே தொறந்தேன். நாப்பத்தஞ்சு உருண்டை சார். எண்ணிப் பார்த்தேன். வாரத்துக்கு ஏழு உருண்டைப் பாக்கெட்டு வீட்டுக்குக் குடுத்து அனுப்புறோம் இல்லையா, அதுல நாலு தம் பிள்ளைக்கு, மூணு அக்கரைக்கு. பதினஞ்சு வீட்டுல வசூல் பண்ணி முறை போட்டுக் கொண்டாறாளுக. இந்த வாரம் இவ முறை. நம்ம அலுவலகத்துல கூட ஒரு வேலை இப்படி ஒழுங்கா நடந்து நான் பார்த்ததில்ல.

"ஏம்மா, ஒரு வருச ஆராய்ச்சியில மண்ணள்ளிப் போடுறியே"ன்னேன்.

"நம்ம பிள்ளை தின்னுக்கிட்டு இருக்கும்போது எங்க அக்கா பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்குமாண்ணே? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நான் அவ மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"ஆராய்ச்சி முடியட்டும்மா. அப்புறம் அரசாங்கமே எல்லாருக்கும் குடுக்கும்."

"அதுவரைக்கும் பசி பொறுத்துக்கிருமாண்ணே?"

இதுதான் சார், இந்தப் பேச்சுதான். ஒரு அறிவியல் விஷயத்தைப் பேசிக்கிட்டு இருக்கும்போது அக்கா தங்கச்சின்னு இழுக்கிறது. சட்டியைப் பிடுங்கிருக்கலாம். பிடுங்கல. நாப்பத்தஞ்சு உருண்டையை வச்சு நான் என்ன பண்ண. போகச் சொல்லிட்டேன். அது வேற விஷயம்.

அன்னைக்கே விதியை மாத்துனேன். இனிமே பாக்கெட்டு வீட்டுக்குக் கிடையாது. பிள்ளை அங்கன்வாடிக்கு வரணும், எல்லார் முன்னாலயும் திங்கணும், வாயைத் தொறந்து காட்டணும். நாலு வயசுப் பையன் ஒருத்தன் பாதியைக் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு வெளிய ஓடப் பார்த்தான், அவனையும் பிடிச்சு விழுங்க வச்சாச்சு. கண்மாய்க் கரையில போக்குவரத்து நின்னு போச்சு. சரி, இனி வேலங்குளம் ஒழுங்கா மெலியும்னு நிம்மதியா இருந்தேன்.

ஒம்பதாவது மாசம் பூமயில் வீட்டுல காதுகுத்து. எனக்கும் அழைப்பு. என்னதான் இருந்தாலும் சனங்க மரியாதை தெரிஞ்சவங்க. பந்தியில உக்காந்தேன். இலையில முதல்ல ஒரு உருண்டையைக் கொண்டாந்து வைக்கிறாங்க. "என்னம்மா இது?"ன்னேன். பரிமாறுற கிழவி சொல்லுது, "ஆராய்ச்சி உருண்டை, சாப்பிடுங்க"ன்னு.

பேரே வச்சுட்டாங்க சார். ஆராய்ச்சி உருண்டை.

விசாரிச்சா, சட்டி வராம நின்ன மறுவாரமே இவங்களே பிடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. பக்குவம் எப்படித் தெரிஞ்சுச்சுன்னு கேட்டேன். பாக்கெட்டு மேல எழுதியிருந்துச்சுன்னாங்க. எழுதித்தான் இருந்துச்சு. இங்கிலீசுல இருந்ததைத் தமிழ்ல அச்சடிக்கணும்னு மேடம்கிட்ட சண்டை போட்டு வாங்குனதே நான்தான். கரிமூட்டத்துல கங்கு சும்மாதானே கிடக்கு, அதுலயே கடலையை வறுக்கிறாளுக. பால் பவுடருக்கு எங்க போறது, அதுக்குப் பதிலா முருங்கைக் கீரையைக் காய வச்சு இடிச்சுப் போட்டிருக்காளுக. வெல்லத்துக்குக் கருப்பட்டி. வேலைக்கு வர்ற ஒவ்வொரு பொம்பளையும் ஒரு பிடி கடலை கொண்டாரணும், கரிமூட்டத்துக்குப் பக்கத்துலயே வச்சு இடிச்சு உருட்டிருவாளுக. எங்க உருண்டையை விட நல்லாத்தான் இருந்துச்சு. நான் நாலு சாப்பிட்டேன். அது வேற விஷயம்.

பூமயில் வந்து, "போதுமாண்ணே, இன்னொண்ணு வைக்கட்டா?"ங்கிறா. சஷ்மிதா அவ சேலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிது. பச்சை சார். நாடா இல்லாமலே தெரிஞ்சுச்சு.

இப்ப நீங்க கேக்கலாம், இதையெல்லாம் மேல சொன்னீங்களான்னு. மாசா மாசம் ஒரு படிவம் உண்டு. அதுல பதினாலாவது கேள்வி: இரு ஊர்களுக்கிடையே உருண்டை பகிரப்பட்டதா? ஆம், இல்லைன்னு ரெண்டு கட்டம். முத மாசத்துல இருந்தே நான் இல்லையைத்தான் டிக் பண்ணிக்கிட்டு வர்றேன். திடீர்னு ஒரு மாசம் ஆம்னு போட்டா எப்படிப் பகிர்ந்தாங்கன்னு கேப்பாங்க. நடந்து போய்ன்னு சொல்லணும். பதினோரு கிலோமீட்டர் நடந்தா போனாங்கன்னு கேப்பாங்க. கேள்விக்கு மேல கேள்வி. அது போக, சட்டி நின்ன பிறகு நடந்தது பகிர்வே இல்ல சார், சமையல். சமையலுக்குப் படிவத்துல கட்டம் கிடையாது.

வருசம் முடிஞ்சு கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. நெடுங்கரையிலயும் பிள்ளைங்க தேறிருச்சு, வேலங்குளத்துலயும் தேறிருச்சு. வித்தியாசம் இல்ல. மத்த ரெண்டு ஜோடியிலும் அப்படித்தான். அங்கயும் கண்மாய்க் கரை இருந்துச்சு.

மேடம் நொறுங்கிப் போயிட்டாங்க சார். மெட்ராஸ்ல அதிகாரிகள் கூட்டம், அதுக்கு முன்னால வராந்தாவுல என்னைக் கூப்பிட்டாங்க. கையில அந்தக் காகிதம். "சந்தனக்குமார், நீங்கதான் அங்கயே இருந்தீங்க. உருண்டை குடுக்காத ஊர்ல எப்படி இவ்வளவு தேறும்? உங்களுக்கு ஏதாவது தோணுதா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க"ன்னாங்க. கண்ணெல்லாம் தூங்காத கண்ணு.

அந்த நேரத்துல எனக்கு எங்க இருந்துதான் வந்துச்சோ. "மேடம், நாம போய் நிறுத்துப் பார்க்கிறதாலயே தாய்மாருக்கு ஒரு விழிப்புணர்வு வந்திருக்கும்"னேன். அவங்க காகிதத்தை இன்னொரு தடவை பார்த்தாங்க. அப்புறம், "அப்படியும் இருக்கலாம்"னாங்க. அவ்வளவுதான். அவங்க நம்புனாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா எழுதிட்டாங்க. அதைத் தவிர எழுதுறதுக்கு அவங்க கையில வேற ஒண்ணும் இல்லையே.

கூட்டத்துல நான் கடைசி வரிசை. ஒரு பெரிய அதிகாரி காகிதத்தைப் புரட்டிக்கிட்டே வந்தவரு, அந்த வரியில நின்னுட்டாரு. "நிறுத்துப் பார்த்தாலே பிள்ளை தேறுதுன்னா, எதுக்குங்க உருண்டை?"ன்னாரு. மண்டபமே தலையை ஆட்டுச்சு. மேடம் எந்திரிச்சு, "உருண்டையால பலன் இல்லைன்னு நாங்க சொல்லல, பலனை நிரூபிக்க முடியலன்னுதான் சொல்றோம்"னாங்க. நல்ல வித்தியாசம்தான். ஆனா டீ வந்துருச்சு சார், யாரு காதுல விழுந்துச்சு.

உருண்டைத் திட்டத்தை விட்டுட்டாங்க. பதிலா மாவட்டம் முழுக்க எல்லா அங்கன்வாடிக்கும் புதுத் தராசு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை இல்ல, மாசா மாசம் நிறுக்கணும். யோசிச்சுப் பாருங்க, வேலங்குளத்துக்குக் குடுத்த அந்த மரியாதையை மாவட்டத்துக்கே குடுத்துட்டாங்க. எப்படி நிறுக்கிறதுன்னு அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சொல்லிக் குடுக்க ஒரு ஆளு வேணுமில்ல? நான்தான். பயிற்சி ஒருங்கிணைப்பாளர். இப்ப மானாமதுரைக்கு அதுக்குத்தான் போறேன். வெறுங்கால்ல நிறுத்தணும், தொட்டுக்கிட்டு நிக்கக் கூடாது, தராசு சமதளத்துல இருக்கணும். எல்லாம் சொன்னாத்தான் தெரியும்.

போன மாசம் நெடுங்கரைக்குத் தராசு கொண்டு போனேன். உருண்டை நின்னு ஒரு வருசம். அந்த ஊர்க்காரங்களுக்கு உருட்டத் தெரியல சார், ரெடியாவே வாங்கிப் பழகிட்டாங்க. அழகுமீனாவுக்கு ரெண்டாவது பிள்ளை, பதினாலு மாசம், பொம்பளப் பிள்ளை. கையில நாடாவைச் சுத்துனேன். சிவப்பு. சீட்டு எழுதிக் குடுத்தேன். அழகுமீனா அதை வாங்கி மடிச்சுக்கிட்டே இருந்தா, சின்னதா மடிச்சு, இன்னும் சின்னதா மடிச்சு.

பார்த்தா, தெக்க இருந்து கரை மேல பூமயில் வர்றா. கையில அதே மாதிரி ஒரு தூக்குச்சட்டி. இப்ப வேலங்குளத்துல இருந்து நெடுங்கரைக்கு வருது சார். ஒப்பீட்டு ஊருல இருந்து உருண்டை ஊருக்கு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆய்வுதான் முடிஞ்சு போச்சே, எப்படியும் போங்கன்னு விட்டுட்டேன்.

சட்டியைத் தங்கச்சிகிட்டக் குடுத்துட்டு என் முன்னால வந்து உக்காந்தா. "அண்ணே, உருண்டையை ஏன் நிப்பாட்டுனாங்க?"ன்னா.

"ரெண்டு ஊருலயும் பிள்ளைங்க ஒண்ணு போல தேறிருச்சும்மா. அப்ப உருண்டை காரணம் இல்லைன்னு ஆயிப் போச்சு."

"நாங்க ஊருக்கு ஊரு குடுத்துக்கிட்டது, நாங்களே உருட்டுனது, அதெல்லாம் எழுதுனீங்களாண்ணே?"

"அதுக்குக் கட்டம் இல்லம்மா"ன்னேன்.

ஒண்ணுக்குக் கட்டம் இருந்துச்சு. அது அவளுக்கு எப்படித் தெரியும்.

"அப்ப எங்க பிள்ளைங்க எதனால தேறுச்சுன்னு எழுதியிருக்கு?"

"நிறுத்துப் பார்த்ததால."

சண்டைக்கு வருவான்னு நினைச்சேன் சார். வரல. எந்திரிச்சுப் போயி தங்கச்சி பிள்ளையைத் தூக்கிட்டு வந்து, அவளே தராசுல வச்சா. பிள்ளை உக்காரத் தெம்பில்லாம சாயுது, ஆனாலும் தொடாம கையை விலக்கிப் பிடிச்சுக்கிட்டா, விதிப்படி. நான் எடையைப் பார்த்தேன். பிறகு அவ பிள்ளையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, "நிறுத்தாச்சுல்லண்ணே? இனி தானாத் தேறிரும்"னா.

பார்த்தீங்களா சார். நாலாங்கிளாஸ் தாண்டாத பொண்ணு. நான் ரெண்டு வருசம் தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லி விளங்காதது, ஒரு கொள்கை முடிவுன்னு வந்ததும் எப்படி விளங்கிருச்சு. பயிற்சிக்கு வர்றவங்ககிட்டல்லாம் இதைத்தான் உதாரணமாச் சொல்றேன். அழகுமீனா ஏன் அந்த நேரம் பார்த்து முந்தானையை வாயில வச்சுக்கிட்டு உள்ள போனான்னு தெரியல. பூமயில் எப்படிச் சொன்னா, சிரிச்சுக்கிட்டுச் சொன்னாளா, வேற எப்படியுமான்னு கேட்டீங்கன்னா, நான் அவ முகத்தைப் பார்க்கல சார்.

ஆறு கிலோ நானூறு. அதை எழுதிக்கிட்டு இருந்தேன்.